சீர்வரிசையில ஒரு பிள்ளை

உக்காருங்க மக்களே, உக்காருங்க. சபைக்காரங்க எல்லாருக்கும் இன்னைக்கு அசனச் சாப்பாடு உண்டு, யாரும் பட்டினியாப் போக மாட்டிய. எலை போட இன்னும் நேரம் கெடக்கு. சாம்பாருல கத்திரிக்காயே விழல, நான் எட்டிப் பாத்துட்டுதான் வாறேன்.

அந்தத் தூணுப் பக்கம் என்ன பேச்சு? ஆட்டுக்கு வெல பேசுறியளா? அப்புறம் பேசலாம், ஆடு எங்கயும் போகாது. சின்னம்மை, மருமகளப் பத்திச் சொல்றத நிறுத்து. அவ உனக்குப் பின்னாலதான் உக்காந்திருக்கா.

ஆங். இப்பத்தான் காது கேக்குது.

எனக்குப் படிப்பு கெடையாது. கேட்டதச் சொல்லுதேன். கொறஞ்சது ஏதும் இருந்தா என் தலையில கட்டுங்க. கூடுனது ஏதும் இருந்தா நீங்க வீட்டுக்குக் கொண்டு போங்க.


ராசா காலம். மலைக்கு இந்தப் பக்கம், கொன்றைக்குளம்னு ஒரு ஊரு.

அப்போ வயல எழுதிக் குடுத்தா வயலோட ஆளையும் சேத்து எழுதிக் குடுப்பாங்க. கெணறு, மாமரம், மாடு, ஆளு. ஆளு எப்பவும் மாட்டுக்குப் பின்னாலதான் வரும்.

அதத்தான் ஒழிக்கணும்னு கொஞ்சம் பேரு எறங்கி வேல செஞ்சாங்க. பெரிய ஆளுவ ஒருத்தரும் இல்ல. களையெடுக்குறவ, பனையேறி, ஒரு உபதேசியாரு, ஒரு எழுத்துக்காரரு. மனு எழுதுனாங்க, நடந்தாங்க, அடி வாங்குனாங்க. இவங்க ஜெபக் கொட்டகையப் பண்ணைக்காரங்க ரெண்டு தடவ கொளுத்துனாங்க. இவங்க மூணாந் தடவயும் அதே எடத்துல ஓலை கட்டுனாங்க.

கடைசில ஒருநாள் உத்தரவு வந்துச்சு. இனிமே ஒரு மனுசன் இன்னொரு மனுசனுக்குச் சொத்து கெடையாதுன்னு.

உத்தரவு குதிரையில வந்துச்சு. கொன்றைக்குளம் சாவடியில எறங்குச்சு. எறங்கி உக்காந்துச்சு. உக்காந்தது எந்திரிக்கவே இல்ல.

எதுக்குன்னு கேட்டியள்னா, அந்த ஊரு பண்ணையாரு ஒரு பதில் வச்சிருந்தாரு. எந்த அதிகாரி வந்தாலும் அதே பதில்தான்.

"எங்க ஆளுவளுக்கு அந்த உத்தரவு வேண்டாமாம். வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க."

அதிகாரி கேப்பாரு. ஆளுவ தலையக் குனிஞ்சு நிப்பாங்க. அதிகாரி வெத்தல போட்டுட்டுப் போயிருவாரு.


ஒருநாள் ஏசுவடியான் கொட்டகைக்கு வந்து அழுதாரு.

ஏசுவடியான் யாருன்னு சொல்லிருதேன். அம்பது வயசு, நல்ல சிவப்பு, தொப்பை கொஞ்சம். ஞானஸ்நானம் எடுக்கதுக்கு முன்னால அந்த ஊருக்கே எழுத்துக்காரரு. ஓலையில எழுத்தாணி புடிச்சா முத்து முத்தா விழும். மனசு மாறி இந்தக் கூட்டத்துல சேந்தாரு, சொந்த வீட்டுக்காரங்க அவரு சாப்புட்ட தட்டத் தூக்கித் தெருவுல எறிஞ்சாங்க. நல்ல மனுசன். ஆனா வாயி மட்டும் நிக்காது. என்னை மாதிரி ரெண்டு ஆளுக்கு உள்ள வாயி.

அடிமைய ஒழிக்க வந்தவருக்குப் பேரப் பாத்தியளா? ஏசுவடியான். அத அவருகிட்டயே கேட்டாங்களாம். அந்த ஒரு எசமானுக்கு மட்டும் போதும்னுட்டாராம்.

அவருக்குக் குரு யாரு? ஞானப்பூ. முப்பது வயசு இருக்கும், ஒரு பொம்பளை. அவளும் வேற ஒரு பண்ணையில மாட்டுக்குப் பின்னால எழுதப்பட்டவதான். உத்தரவு வரதுக்கு முந்தியே ஒருநாள் நடந்து வெளிய வந்துட்டா. வந்ததுக்கு அடையாளம் முதுகுல இருக்கும். எழுத்து தெரியாது. வேதத்த ஒருத்தர் வாசிக்கக் கேட்டா மனசுல ஏத்திக்கிடுவா. யாரு என்ன கேட்டாலும் நாலு வார்த்தையில முடிச்சிருவா.

அம்பது வயசு ஆளு முப்பது வயசுக்காரிய "அக்கா"ன்னு கூப்புடுவாரு. அவ அவர "அண்ணாச்சி"ம்பா. ரெண்டு பேரும் சொல்லும்போது ஒருத்தருக்கும் சிரிப்பு வராது.


ஞானப்பூ புளி ஆய்ஞ்சிட்டு இருந்தா.

"அக்கா, என் ஜெபம் மேல போகல," ன்னாரு ஏசுவடியான்.

"எங்க நிக்குது?"

"தெரியல. நாப்பது நாளாச்சு. சடைச்சி வாயத் தொறக்கணும்னு ராவும் பகலும் கேக்குதேன். அவ தொறக்க மாட்டேங்கா."

சடைச்சி யாருன்னா, அதே பண்ணையில களையெடுக்குறவ. புருசன் செத்துப்போனான். ஒரே மவ, மாடத்தி, பன்னெண்டு வயசு. பண்ணையாரு மவளுக்கும் அதே வயசுதான், உமையாள்னு பேரு. அந்தப் பிள்ளைக்கு மலைக்கு அங்கிட்டு ஒரு பெரிய வீட்டுல கல்யாணம் பேசியாச்சு. அந்தக் காலத்துல அந்த வயசுலயே முடிச்சிருவாங்க. வாற திங்கக்கெழமை கல்யாணம், செவ்வாக்கெழமை சீர் வண்டி கெளம்புது. வெங்கலப் பானை, உருளி, குத்துவெளக்கு, ரெண்டு பசு, மாடத்தி.

ஆமா, மக்களே. சீர்ச் சாமானுல ஒரு பிள்ளை. அங்க உமையாள் வீட்டுத் தொழுவத்துல சாணி அள்ள. போனா, மல தாண்டித் திரும்பி வரதுங்கது கெடையாது.

வெள்ளிக்கெழமை தாசில்தாரு சாவடிக்கு வாறாரு. ஏசுவடியான் எழுதுன மனு அவரு கையில இருக்கு. பதிலும் வந்தாச்சு. பெத்தவ நேர்ல வந்து, தன் வாயால, பிள்ளைய அனுப்ப மாட்டேன்னு சொல்லணும். சொன்னா எழுதிருவாரு, பிள்ளைய ஒருத்தரும் தொட முடியாது. சொல்லலன்னா வண்டி கெளம்பிரும்.

அவ்வளவுதான் விசயம். ஒரு வாக்கியம். அது சடைச்சி வாயில இருந்து வரணும்.

சடைச்சியோ, வருசத்துக்கு நாலு வார்த்த பேசுற ஆளு. அதுலயும் மூணு "உம்".


"நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டேன் அக்கா," ன்னாரு ஏசுவடியான். "தெனமும் சாயங்காலம் கொட்டகையில உக்கார வச்சுச் சொல்லிக் குடுக்கேன். ஒரு எழுத்து அவ நாக்குல ஏற மாட்டேங்கு."

"என்ன சொல்லிக் குடுத்திய?"

ஏசுவடியான் எந்திரிச்சாரு. துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. தொண்டையக் கனைச்சாரு. அந்தக் குரல எனக்கு நல்லா வரும், கேளுங்க.

"கனம் பொருந்திய தாசில்தார் எசமான் அவர்கள் சமூகத்துக்கு, மேற்படி கொன்றைக்குளத்தில் வசிக்கும் சடைச்சியாகிய அடியாள் அநேக தெண்டனிட்டுத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், மேற்படி அடியாளின் வயிற்றில் பிறந்த மேற்படி மாடத்தியை, மேற்படியாரின் குமாரத்தியாகிய மேற்படியாளுக்கு..."

அதுக்கு மேல எனக்கே மூச்சு முட்டுது. அவருக்கு முட்டல. அவரு மலை ஏறி எறங்கி, ஆத்தத் தாண்டி, "இதுவே என் சம்மதியின்மை"ல வந்து நின்னாரு.

ஞானப்பூ புளியங்கொட்டை ஒண்ண எடுத்துப் பக்கத்துல வச்சா.

"நல்லாருக்கு," ன்னா.

"நல்லாருக்குல்லா? நான் வேற யாருக்கும் இப்படி எழுதல. ஆனா பாருங்க, நான் ஆரம்பிச்ச உடனே அவ மொகம் செவுரு மாதிரி ஆயிருது. தலையக் குனிஞ்சிருதா. மந்தபுத்தின்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஜெபம் பண்ணச் சொல்லிக் குடுத்தேன், அதுலயும் இதே கததான். 'கிருபாசமுத்திரமாகிய சருவேசுரனே'ன்னு நான் சொன்னா, அவ கால் வெரலப் பாத்துட்டு நிக்கா. ஜெபமே பண்ணாதவளுக்கு எப்படி அக்கா தைரியம் வரும்?"

ஞானப்பூ ஆய்ஞ்ச புளிய ஒதுக்கி வச்சா.

பெறவு சொன்னா. நாளைக்குக் காலைல தெக்கு வயலுக்குப் போங்க. வரப்போரமா தாழம்புதரு நிக்கும். அதுக்குப் பின்னால உக்காருங்க.

என்ன கொண்டு போகணும்னு கேட்டாரு. வேதப் புஸ்தகமா, எழுத்தாணியா?

"காத மட்டும் கொண்டு போங்க."


புதன்கெழமை காலைல ஏசுவடியான் தாழம்புதருக்குப் பின்னால உக்காந்தாரு. தாழைக்கு முள்ளு உண்டு. தொப்பைக்குத் தெரியாது. ரெண்டு தடவ கத்த வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டாரு. அவரு பிறந்ததுல இருந்து அடக்குன மொதல் ரெண்டு கத்தல் அதுதான்.

சடைச்சி வந்தா. வேற ஆளுவ மேல வயல்ல நின்னாங்க, இவ தனியாத் தண்ணியில எறங்கிக் களையெடுக்க ஆரம்பிச்சா.

கொஞ்ச நேரத்துல பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. ஏசுவடியான் எட்டிப் பாத்தாரு. யாரும் வரல. சடைச்சிதான் பேசிட்டிருந்தா.

மொதல்ல ஒரு நண்டுகிட்ட. அதுகிட்ட வேற எடத்துல போயி வளை தோண்டுன்னா. அப்புறம் ஒரு கொக்குகிட்ட. இன்னைக்கு ஒனக்கு நல்ல வேட்டைதான்னு கேலி பண்ணுனா. நாத்த நிமித்தி வச்சு, நில்லு, சாயாதன்னு அதுக்குப் புத்தி சொன்னா. குரலு நல்லா கணீர்னு இருந்துச்சாம். இந்தக் குரலு எங்க இருந்து வந்துச்சுன்னு ஏசுவடியானுக்கு ஆச்சரியம்.

அப்புறம் அவ குரல் மாறிச்சு. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட வேலி மேல பேசுற மாதிரி.

"இன்னைக்குப் பொதங்கெழமை. ஒனக்கு நாளு கெழம தெரியாதேன்னு சொல்லுதேன். இன்னும் ரெண்டு நாளுதான்."

களைய ஒரு பிடி புடுங்கி வரப்புல எறிஞ்சா.

"நீ ஒண்ணும் பேச மாட்ட. சரி. பேசாண்டாம்."

இன்னொரு பிடி.

"ஒன் மவனையும் வித்தாங்களாம்லா. ஞானப்பூ சொன்னா. நீ மேல இருந்து பாத்துட்டே இருந்தியாம்லா. அன்னைக்கு ஒனக்கு எப்படி இருந்துச்சு?"

கொக்கு ஒரு அடி நவுந்து நின்னுச்சு.

"எனக்கும் அப்படித்தான் இருக்கு. வேற ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். திரும்பிக் குனிஞ்சா. மறுபடியும் நாத்துகிட்ட, நில்லு, சாயாதன்னு ஆரம்பிச்சா.

ஏசுவடியான் அங்கயே உக்காந்திருந்தாரு. வெயிலு உச்சிக்கு வந்துச்சு. முள்ளு குத்துன எடம் அவருக்குத் தெரியல.


சாயங்காலம் கொட்டகைக்கு வந்தாரு. ஞானப்பூ இன்னும் புளிதான் ஆய்ஞ்சிட்டிருந்தா. ஊரு புளி பூராவும் அவகிட்டதான் வரும்போல.

"அக்கா, அவ ஜெபம் பண்ணுதா."

"ஆமா."

"என் ஜெபம் மாதிரி இல்ல."

"இல்ல."

"என்கிட்ட மட்டும் ஏன் பேச மாட்டேங்கா?"

ஞானப்பூ கையத் தொடச்சா. அவரு மொகத்தப் பாத்தா. பாத்த பார்வையிலயே, அவ சொல்லாம விடமாட்டாங்கது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு.

"சடைச்சி இந்தப் பண்ணைக்கு எப்படி வந்தா, அண்ணாச்சி?"



அவருக்குத் தெரியும். இருவத்தஞ்சு வருசம் முந்தி. வடக்கூருல ஒரு வயல இந்தப் பண்ணையாரோட அப்பா வாங்குனாரு. வயலோட ஒரு சின்னப் பிள்ளையயும் வாங்குனாரு. பெத்தவ வடக்கூருலயே நின்னுட்டா, அவ வேற வயலுக்கு உள்ளவ. அந்த ஓலைய எழுதுனது ஏசுவடியான்தான். அப்போ அவருக்கு வேற பேரு. எழுதி முடிச்சு, தொண்டையக் கனைச்சு, சாவடி படியில நின்னு எல்லாரும் கேக்க வாசிச்சதும் அவருதான். "மேற்படி நிலமும், அதில் உள்ள மாவும் பலாவும், மாடும், மேற்படி ஆளும், அந்த ஆளின் வயிற்றில் இனி உண்டாவதும், சூரிய சந்திரர் உள்ள வரை."

எட்டு வயசுப் பிள்ளைய நிறுத்தி வச்சு, வயித்துல இனி உண்டாவதும்.

மாடத்தி பிறக்கதுக்குப் பல வருசம் முந்தியே அவள எழுதிக் குடுத்தது இவருதான்.

"அது நாந்தான்னு அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்," ன்னாரு.

"அவளுக்குத் தெரியும்."

"எப்படி?"

"மொகம் அவளுக்கு மறந்துபோச்சாம். நீங்க சொல்லிக் குடுக்க ஆரம்பிச்ச மொத நாளே தெரிஞ்சுபோச்சாம்."

ஏசுவடியான் தொண்டையில கை வச்சாரு. கனைக்கதுக்கில்ல. அந்தக் குரலு அங்கதான் இருக்குன்னு அப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி.

நாப்பது நாளா, சாயங்காலம் சாயங்காலம், அந்தப் பொம்பளைய முன்னால உக்கார வச்சு, அதே குரல்ல.

"ஏன் அக்கா எனக்கு முந்தியே சொல்லல?"

"நீங்க கேக்கலியே. ஜெபத்தப் பத்தித்தான கேட்டிய."

அழுதாரு. ஞானப்பூ அழட்டும்னு விட்டா. பெறவு அவரு எந்திரிச்சு, இப்பவே போயி அவ கால்ல விழுதேன்னு கெளம்புனாரு. ஞானப்பூ அவரு துண்டப் புடிச்சு இழுத்தா.

"வெள்ளிக்கெழமை கழியட்டும்."

"ஏன்?"

"இப்போ போனா அவ ஒங்களுக்கு ஆறுதல் சொல்லணும். அவளுக்கு வேற வேல கெடக்கு."


வெள்ளிக்கெழமை.

சாவடிக்குப் போற வழியில ஏசுவடியான் ஞானப்பூ வீட்டு முன்னால வந்து நின்னாரு. ராத்திரி முழுக்கத் தூங்கல, கண்ணு ரெண்டும் செம்பருத்திப் பூ.

"அக்கா, ஆசீர்வாதம் பண்ணுங்க. நான் அங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க. அவ பேசலன்னா நான் பேசிருவேன். என்னால நிறுத்த முடியாது. என்ன எனக்குத் தெரியும்."

ஞானப்பூ உள்ள போயி ஒரு செம்புல தண்ணி கொண்டு வந்தா.

"வாயத் தொறங்க."

தொறந்தாரு. ஊத்துனா. ரெண்டு கன்னமும் புடைச்சு வார வரைக்கும் ஊத்துனா.

"துப்பாண்டாம். முழுங்காண்டாம்."

இதுதான் ஆசீர்வாதம். ஏசுவடியான் பலாக்காய விழுங்குன பாம்பு மாதிரி சாவடியப் பாத்து நடந்தாரு.


சாவடிக்கு எதுக்க ஒரு கல்லு நட்டிருக்கும். நம்மள மாதிரி ஆளுவ அந்தக் கல்லுக்கு அங்கிட்டுதான் நிக்கணும். இங்கிட்டு ஒரு கால் வந்தா முதுகுல தோலு இருக்காது. அது எழுதி வச்ச சட்டமில்ல, அத விடப் பெருசு.

கல்லுக்கு அங்கிட்டு முப்பது பேரு நின்னாங்க. ஞானப்பூ கல்லு பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்து, கால்ல குத்துன முள்ளு ஒண்ண எடுத்துட்டிருந்தா. சடைச்சி எல்லாருக்கும் பின்னால நின்னா. மாடத்தி அவ முந்தானையப் புடிச்சிட்டு நின்னா.

மேல, சாவடித் தட்டுல, தாசில்தாரு. நல்லவரா கெட்டவரான்னு கேட்டா, பசிக்காரரு. சோத்து நேரத்துக்கு வீட்டுல இருக்கணும்னு நெனைக்கவரு. அவரு பக்கத்துல நாக்காலி போட்டுப் பண்ணையாரு. வெளுத்த வேட்டி, சந்தனம், குரல்ல வெல்லப்பாகு. கோவமே வராது அவருக்கு. அவருக்காகக் கோவப்பட நாலு ஆளு கம்போட நின்னாங்க.

தாசில்தாரு மனுவப் பாத்தாரு.

"சடைச்சி யாரு?"

ஒருத்தரும் அசையல.

பண்ணையாரு சிரிச்சாரு. நான் சொல்லலியா, அவ பேச மாட்டா, பேச என்ன இருக்குன்னாரு.

"இந்த மனு எழுதுனது யாரு?"

முப்பது கையும் ஏசுவடியானக் காட்டுச்சு.

"நீயா? சரி, நீயே சொல்லு. அவளுக்கு என்ன வேணுமாம்?"

பாருங்க மக்களே, அந்த எடத்த நெனச்சுப் பாருங்க. ஆயுசு முழுக்க அந்த மனுசன் இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தாரு. அதிகாரி கேக்காரு, ஊரு பாக்குது, பதிலு பூராவும் மனப்பாடம். கன்னம் ரெண்டும் பூசணிக்கா. கண்ணுல தண்ணி, வாயில தண்ணி. எதுல மொதல்ல விடுறதுன்னு தெரியாம நிக்காரு.

கம்புக்காரன் ஒருத்தன் சிரிச்சுட்டான். தாசில்தாரு, என்னடா இவன் கொரங்கு மாதிரி நிக்கான்னாரு.

ஏசுவடியான் தலையசைச்சாரு. மாட்டேன்னு. ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டாரு. தாசில்தாரப் பாத்தில்ல. திரும்பி, கூட்டத்துக்குப் பின்னால நின்ன சடைச்சியப் பாத்து. கும்புட்டபடியே மெதுவா மண்ணுல உக்காந்தாரு.

அப்போ ஒரு அமைதி வந்துச்சு.

அந்தச் சாவடியில எப்பவும் யாராவது பேசிட்டுதான் இருப்பாங்க. ஓலை வாசிப்பாங்க, ஏலம் கூறுவாங்க, தீர்ப்புச் சொல்லுவாங்க. சும்மா கெடந்த எடம் ஒண்ணு அங்க இருந்ததே இல்ல. இப்போ இருந்துச்சு. களையெடுத்த வயல் மாதிரி.

சடைச்சி அதப் பாத்தா.

முந்தானையில இருந்து மாடத்தி கைய எடுத்தா. எடுத்து, ஞானப்பூ கையில குடுத்தா.

நடந்தா.

கூட்டம் வழிவிட்டுச்சு. கல்லு வந்துச்சு. கல்ல அவ பாக்கவே இல்ல. கல்லுக்கு இங்கிட்டு ஒரு அடி. ரெண்டாவது அடி.

கம்புக்காரனுவ நில்லுன்னானுவ. அவ நிக்கல. அடிக்கணும்னா பக்கத்துல போகணும், பக்கத்துல போனா தீட்டு, தீட்டோட தாசில்தாரு முன்னால நிக்க முடியாது. அவனுவ ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தானுவ. அவ ஒரு அடி வைக்க, அவனுவ ஒரு அடி பின்னால. ஒருத்தன் படி தடுக்கித் தாசில்தாரோட வெத்தலப் பெட்டி மேல உக்காந்துட்டான். சுண்ணாம்பு அவன் பின்னால ஒட்டிக்கிச்சு. ஒருத்தரும் சிரிக்கல. நாமதான் இப்போ சிரிக்கோம்.

படிக்குக் கீழ வந்து சடைச்சி நின்னா. தலைய நிமித்துனா.

"என் மவள நான் விடமாட்டேன்," ன்னா.

அவ்வளவுதான். கனமும் இல்ல, பொருந்தியதும் இல்ல, மேற்படியும் இல்ல.

கடக்குன்னு ஒரு சத்தம். ஏசுவடியான் தண்ணிய முழுங்கிட்டாரு.

தாசில்தாரு அவளையே கொஞ்ச நேரம் பாத்தாரு. பெறவு பேனாவ மையில முக்குனாரு. பிள்ளை பேரென்னன்னு கேட்டாரு. மாடத்தின்னா. எழுத ஆரம்பிச்சாரு.

பண்ணையாரு நாக்காலிய விட்டு எந்திரிச்சாரு. படி எறங்கல, மேல நின்னுட்டே பேசுனாரு. கோவமே இல்ல. வெல்லப்பாகு இன்னும் கொஞ்சம் சூடாயிருந்துச்சு, அவ்வளவுதான்.

"எசமான், ஒரு நிமிசம் பேனாவ நிறுத்துங்க. இவளுக்கு யாரோ சொல்லிக் குடுத்து விசயம் புரியாமப் பேசுதா. மாடத்திய நான் அடிமையாவா அனுப்புதேன்? என் மவளும் அவளும் ஒரே முத்தத்துல வெளையாடுன பிள்ளைய. ஒரே கொடியில பறிச்ச பூவத்தான் ரெண்டு பேரும் வைப்பாங்க. உமையாள் வேற, மாடத்தி வேறன்னு நான் ஒருநாளும் பாத்ததில்ல. எனக்கு ரெண்டும் ஒண்ணு. என் மவளுக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னுதான் இந்த மவளயும் கூட அனுப்புதேன். பெத்தவ அவ, இல்லங்கல. ஆனா எனக்கும் அவ மவதான். கேளுங்க அவகிட்ட, நான் சொல்றது பொய்யான்னு."

சொல்லும்போது அவரு கண்ணுகூடக் கலங்கிச்சு. பொய்யும் இல்ல அது. அவரு அத நம்புனாரு.

தாசில்தாரு பேனாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டாரு. நுனியில மை திரண்டு நின்னுச்சு.

"ரெண்டு பேரும் ஒண்ணுங்காரு," ன்னாரு சடைச்சியப் பாத்து. "நீ என்ன சொல்லுத?"

சடைச்சி பண்ணையாரப் பாத்தா. பொறந்ததுல இருந்து அந்த மொகத்த அவ நேராப் பாத்தது அதுதான் மொத தடவ.

"நல்லது அய்யா," ன்னா. "என் மவளுக்குக் கல்யாணம் வரும்போது, ஒங்க மவளச் சீரா அனுப்பி வையுங்க."